அவர்கள் படிக்காத பர்க்

சங்கரன்கோவில் நூலகத்தில் மாலை வேளைகளில் ஒரு சிறு அவை கூடுவதுண்டு. ஓய்வு பெற்ற பெரியவர்கள் நால்வர், விசைத்தறிக் கூடத்தில் முறை முடித்து வரும் இளைஞர் இருவர், அவர்களோடு நான். ஏடுகள் கை மாறும், கருத்துகள் மோதும், மணி எட்டடித்தால் கதவு சாத்தப்படும். அவைக்குத் தலைமை ஏற்கும்படி எவரும் வேண்டாமலே தலைமை ஏற்றுக் கொண்டவர் ஓர் அண்ணாச்சி. நல்லவர், நிறையப் படிப்பவர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் என்ன நடக்கிறது, அங்குள்ள பழமைப் பற்றாளர் என்ன எழுதுகின்றனர், அதைக் கண்டு இங்குள்ள பழமைப் பற்றாளர் என்ன எழுதுகின்றனர் என்பதில் அவருக்கு அப்படி ஓர் ஈடுபாடு!

அவர் உரக்கப் படித்துக் காட்டும் கட்டுரைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு அவற்றின் வார்ப்பே மனப்பாடமாகிவிட்டது. இலண்டனில் தேர்தல் நடக்கட்டும், வாஷிங்டனில் தீர்ப்பு வரட்டும், கட்டுரை தேம்ஸ் நதியோரத்திலேயோ பொடோமாக் நதியோரத்திலேயோதான் தொடங்கும். மூன்றாம் பத்தியில் எட்மண்ட் பர்க் எழுந்தருளுவார். மரபைக் காக்க வேண்டும், முன்னோர் வைத்ததை மாற்றாதே, சமத்துவம் என்று கூவுவோர் நாட்டைக் கெடுப்போர் என்று அவர் பெயரால் மூன்று அறிவுரைகள் வழங்கப்படும். ஐந்தாம் பத்தியில் கட்டுரை கப்பலேறி, காவிரிக் கரையில் வந்து இறங்கும். அங்கே நமது இட ஒதுக்கீடு நின்று கொண்டிருக்கும், குற்றவாளிக் கூண்டில்!

இதைப் படித்துவிட்டுச் சிரித்துப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். வகுப்பறையில் ஒரு நாள் சிரிப்பு நின்றுவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தந்தை தறி ஓட்டுபவர். தாய் பூக்கட்டி விற்பவர். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடம் வழங்கும் சட்டம் 2020 இல் வந்ததே, அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் பாடம் முடிந்ததும் எழுந்து கேட்டாள்: "சார், அமெரிக்காவிலேயே இந்த மாதிரி எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாமே! தறிக்கூடத்திலே யாரோ படிச்சுக் காட்டினாங்கன்னு அப்பா சொன்னாங்க. இங்கேயும் எடுத்துருவாங்களா?"

தேம்ஸ் நதிக்கரையில் தொடங்கிய கட்டுரை எங்கே வந்து முடிகிறது பார்த்தீர்களா, தோழர்களே! ஒரு சிறுமியின் நெஞ்சில் அல்லவா வந்து முடிகிறது! ஆகவேதான் இந்தக் கட்டுரை வகையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவர்களுடைய ஆசானாகிய பர்க்கிடமிருந்தே தொடங்குவோம். ஏனெனில், அவர் எங்கள் ஊருக்கு வேண்டியவர். வியப்பாக இருக்கிறதா? இருக்கும்.

பர்க் அயர்லாந்தில் 1729 இல் பிறந்தவர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முழங்கியவர். 1797 இல் மறைந்தவர். 1790 இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து அவர் எழுதிய நூலே பழமைவாதத்தின் மூல நூலாக இன்றுவரை போற்றப்படுகிறது. நம் பழமைப் பற்றாளர் பூசிக்கும் பர்க், இந்த 1790 ஆம் ஆண்டுப் பர்க். ஆனால், அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1785 பிப்ரவரி 28 ஆம் நாள், அதே மனிதர் அதே மன்றத்தில் பேசிய ஒரு பேச்சு உண்டு. பொருள், ஆர்க்காட்டு நவாபின் கடன்கள். அச்சில் ஒரு தனி நூலாகவே நிற்கும் நீண்ட பேச்சு. அண்ணாச்சியின் ஏடுகளில் அந்தப் பேச்சை நான் இதுவரை கண்டதில்லை.

என்ன கடன் அது? ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, கும்பினிக்குப் போர்ச் செலவுக் கடன்பட்டிருந்தார். அது போதாதென்று, கும்பினியின் ஊழியர்களிடமே தனித்தனியாகவும் கடன் வாங்கினார். வட்டி, நூற்றுக்கு 20, 25, தொடக்கத்தில் அதற்கும் மேல்! ஈடு என்ன? நிலவரி. இந்த மாவட்டத்து வரி இன்னாருக்கு, அந்த மாவட்டத்து வரி அன்னாருக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தக் கடன்காரருள் தலைவர் பால் பென்ஃபீல்டு என்பவர். கும்பினியில் சிறு சம்பளத்துக்கு வந்தவர். சில ஆண்டுகளுக்குள் தஞ்சை வருவாயிலிருந்தும் பிற ஆட்களிடமிருந்தும் தமக்கு 2 இலட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டும் என்று கணக்கு நீட்டியவர். சம்பளம் எவ்வளவு, கடன் கொடுத்தது எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பர்க்கும் அதைத்தான் கேட்டார்.

1784 ஆம் ஆண்டுச் சட்டம், இந்தக் கடன்களின் மெய்மையை விசாரிக்கச் சொல்லிற்று. விசாரணையே இல்லாமல், கருநாடகத்து வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 4 இலட்சத்து 80 ஆயிரம் பவுன் எடுத்துக் கடன்களை அடைக்கலாம் என்று ஆணையிட்டது பிட் அமைச்சரவையின் இந்தியக் கட்டுப்பாட்டு வாரியம். ஏன் அந்தப் பெருந்தன்மை? பென்ஃபீல்டின் பணம் தேர்தலில் பாய்ந்து, எட்டு உறுப்பினர்களை மன்றத்துக்கு அனுப்பிற்று என்று பர்க் நேருக்கு நேர் குற்றஞ்சாட்டினார். ஆர்க்காட்டு உழவன் விளைவித்த நெல், இங்கிலாந்தில் வாக்காக மாறிற்று. அந்த வாக்கு, மீண்டும் உழவனின் நெல்லைப் பறிக்கும் ஆணையாக மாறிற்று என்பதே வழக்கு. பர்க்கின் தரப்பு அன்றிரவு தோற்றது. பின்னாளில் கருநாடகம் முழுதும் கும்பினி வசமானபின் கடன் கோரிக்கைகளை ஆராய ஆணையர் குழு அமைந்தபோது, வந்து குவிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி போலி என்று தள்ளப்பட்டது.

இதில் சங்கரன்கோவில் எங்கே வந்தது?

நவாபுக்குக் கும்பினிக் கடன். கடனை அடைக்கத் தென்பாண்டிச் சீமைப் பாளையங்களின் கப்பம் வேண்டும். அதை வசூலிக்கத்தான் 1755 இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் படையோடு தெற்கே வந்தனர். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் கதவடைத்தான். ஹெரான் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினான். அதன்பின் யூசுப்கான் வந்தான். பத்தாண்டுக் காலம் போர், போர், போர்! 1767 இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை வீழ்ந்தது. எங்கள் ஊர்க் கோயிலுக்குள் வழிபட நுழைந்த பூலித்தேவன் அங்கேயே சோதியில் மறைந்தான் என்று கதை வழங்குகிறது. அதற்கென ஓர் அறையும் காட்டுவர். சோதியைப் பகுத்தறிவாளன் நம்பமாட்டான். ஆனால், வரி கேட்டு வந்த பீரங்கியை எதிர்த்து நின்ற ஒருவனைத் தூக்கில் தொங்கியவனாக நினைக்க மனம் ஒவ்வாமல் ஒளியாக்கிக் கொண்ட மக்களின் நெஞ்சம் எனக்குப் புரிகிறது. பர்க் இலண்டனில் கிழித்துக் காட்டிய கடன் பத்திரத்தின் கீழ்க் கையொப்பம் எங்கள் மண்ணில் குருதியால் இடப்பட்டது.

அந்தப் பேச்சில் ஐதர் அலியின் படையெடுப்பை வருணிக்கும் பகுதி புகழ் பெற்றது. ஆங்கில உரைநடையின் அழகுக்குச் சான்றாகப் பல தலைமுறை மாணவர் அதை நெட்டுருச் செய்தனர். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொரு பகுதி: ஏரிகளைப் பற்றியது. கருநாடகத்து நிலப்படத்தைக் கையில் வைத்துக் கொண்டு பர்க் கணக்கிடுகிறார். கருநாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவையுமாகப் பதினாயிரத்துக்குக் குறையாத நீர்நிலைகள் உண்டு என்கிறார். அவற்றைக் கட்டியவர்களே மெய்யான மன்னர்கள், குடிகளின் தந்தையர் என்று போற்றுகிறார். அவை உடைந்து கிடக்க, வரிமட்டும் கேட்கப்படுகிறதே என்று குமுறுகிறார். தொண்டை நாட்டில் ஏரி என்பர். மதுரைப் பக்கம் கண்மாய் என்பர். நாங்கள் குளம் என்போம். மழையை மட்டுமே நம்பிய எங்கள் கரிசல் காட்டுக்குக் குளத்தின் அருமை தெரியும். தமிழ்நாட்டுக்கு ஒரு முறையும் வந்திராத ஒருவர், கடல் கடந்த உழவனின் மடை அடைபட்டதற்காக ஆட்சியாளரை எதிர்த்து எழுந்து நின்றார் என்பது சிறிய செய்தியா? இல்லை. அந்தப் பர்க்கை நான் மதிக்கிறேன்.

மதிப்பதால் கேள்வியைக் கைவிட வேண்டுமா? அந்தப் பேச்சுக்குப் பின்னே குடும்ப நலனும் கொஞ்சம் கலந்திருந்தது. பர்க்கின் உறவினராகக் கொண்டாடப்பட்ட வில்லியம் பர்க், நவாபின் பகைவரான தஞ்சை அரசருக்கு முகவராக ஊழியம் பார்த்தவர். இது போகட்டும். இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஏரி வெட்டிய மன்னனைப் பர்க் கண்டார். மண் சுமந்தவனைக் காணவில்லை. ஏரியில் நீர் நிறைந்ததைக் கண்டார்; அந்த நீரை அள்ளக் கூடாது என்று கரையில் நிறுத்தப்பட்டவனைக் காணவில்லை. மகத் நகரின் பொதுக் குளத்தில் 1927 மார்ச்சில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தாரே, ஒரு கை நீருக்காக ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்ததே, அந்தக் குளமும் முன்னோர் வைத்ததுதான்! வாரன் ஹேஸ்டிங்ஸின் மீது வழக்காடியபோதும் பர்க் ஜாதியைத் தொட்டுப் பேசினார். எப்படி? ஜாதியை இழக்கச் செய்வது பெருங்கொடுமை என்றார். ஜாதியே கொடுமை என்று அவர் நாவில் வரவில்லை. மரபின்மீது கொண்ட பற்று, மனிதனின்மீது கொண்ட பரிவை அந்த இடத்தில் மறைத்துவிட்டது.

ஆகப் பர்க் இருவர். கொள்ளையைக் கண்டு கொதித்த பர்க் ஒருவர். பழமையைக் கண்டு கைகூப்பிய பர்க் மற்றொருவர். நம் பழமைப் பற்றாளர் எடுத்துக் கொண்டது எந்தப் பாதியை? கொதித்த பாதியை விட்டுவிட்டனர். கும்பிட்ட பாதியைத் தூக்கி வைத்துக் கொண்டனர். அவர்தம் கட்டுரைகளுக்கு நான் சொல்லும் முதற் குற்றம் இதுதான். ஆசானையே அரைகுறையாகப் படித்த மாணவர் எழுதும் கட்டுரைகள் அவை.

இனி அமெரிக்கா.

2023 ஜூன் 29 ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக் கழகங்களில் மாணவரைச் சேர்க்கும்போது இனத்தைக் கருதும் முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பார்த்தீர்களா, வல்லரசே கைவிட்டுவிட்டது என்று இங்கே மகிழ்ச்சிக் கூத்து! அந்தக் கூத்தில் மூன்று செய்திகள் மறைக்கப்பட்டன. அங்கே இருந்தது நம்மைப் போன்ற ஒதுக்கீடே அன்று. இத்தனை விழுக்காடு இடம் என்று பிரித்து வைப்பதை அந்த நீதிமன்றம் 1978 இலேயே தடுத்துவிட்டது. விண்ணப்பத்தைச் சீர்தூக்கும்போது இனத்தையும் ஓர் எடைக்கல்லாகக் கொள்ளலாம் என்ற அளவே எஞ்சியிருந்தது; 2023 இல் போனது அதுதான். இது முதற் செய்தி. இராணுவக் கல்லூரிகளைப் பற்றி முடிவு கூறாமல், அந்த வினாவைத் தீர்ப்பு அடிக்குறிப்பில் ஒதுக்கி வைத்துவிட்டது. ஏன்? படையின் தலைமையில் எல்லா இனத்தாரும் இருப்பது நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று அரசே வாதாடியிருந்தது. போர்க்களத்துக்குத் தேவையான பன்மை, வகுப்பறைக்கு மட்டும் தேவையில்லையா? இந்தக் கேள்வி அங்கேயே எழுந்தது. இங்கே எழுதியவர் காதில் விழவில்லை. மூன்றாவது, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் கொடையாளரின் பிள்ளைகளுக்கும் ஹார்வர்டு காட்டி வந்த சலுகையைத் தீர்ப்பு தொடவே இல்லை. வழக்கில் வெளிவந்த விவரங்களைக் கொண்டு பொருளியலார் கணக்கிட்டபோது, அங்கே இடம் பெற்ற வெள்ளை மாணவருள் 43 விழுக்காட்டினர் விளையாட்டு வீரர், பழைய மாணவரின் பிள்ளைகள், ஆசிரியர் பணியாளரின் பிள்ளைகள், கொடை காரணமாகத் தனிப் பட்டியலில் இடம் பெற்றோர் என்னும் வகையினர் என்று தெரிந்தது. அப்பன் படித்த கல்லூரியில் பிள்ளைக்கு இடம்! இதற்குப் பெயர் தகுதி. நூற்றாண்டுக் கணக்கில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே வந்தால் அதற்குப் பெயர் சலுகை. இந்த அகராதி எங்கே அச்சாயிற்று என்பது நமக்குத் தெரியாததா?

நம் நாட்டில் இந்த வழக்கு 1951 இலேயே நடந்து முடிந்தது என்பதையும் அக்கட்டுரைகள் நினைவூட்டுவதில்லை. வகுப்புவாரி ஆணை செல்லாது என்று செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் கூறிற்று. வழக்குத் தொடுத்தவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது அந்த வழக்கின் வேடிக்கை. தமிழகம் கொந்தளித்தது, பெரியார் கிளர்ச்சிக்கு அழைத்தார், அதே ஆண்டு ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15 ஆம் விதியில் நான்காம் உட்பிரிவு பிறந்தது. 69 விழுக்காட்டுக்கென்று தனிச் சட்டம் 1994 இல் ஒன்பதாம் அட்டவணையில் ஏறிற்று. அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு அரசமைப்பில் எழுதப்பட்ட இத்தகைய பிரிவு கிடையாது. நம்மிடம் இருக்கிறது. வகுப்பில் எழுந்து நின்ற மாணவிக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான். உட்கார்ந்துவிட்டாள். முகம் முழுதாகத் தெளிந்ததாகச் சொல்லமாட்டேன்.

அமெரிக்கப் பழமைவாதம் என்ன என்பதை அதன் வாயாலேயே அறிய வேண்டுமானால், வில்லியம் பக்லி 1955 இல் தொடங்கிய இதழைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மறுமலர்ச்சி பெற்ற பழமைவாதத்தின் தாய்வீடு அந்த ஏடு. 1957 ஆகஸ்டில் அது எழுதிய தலையங்கம், தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் எண்ணிக்கையில் சிறுபான்மையாக உள்ள இடத்திலும் அவர்களே ஆதிக்கம் செலுத்த உரிமை உண்டு என்று வாதிட்டது. முன்னேறிய இனமாம்! பல்லாண்டுகள் கழித்து, முதுமையில், அந்த நிலை தவறு என்று பக்லி ஒப்புக் கொண்டார்; அந்த நேர்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1965 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில், அமெரிக்கக் கனவு கறுப்பரின் செலவில் கட்டப்பட்டதா என்ற பொருளில் ஜேம்ஸ் பால்ட்வினும் அவரும் எதிரெதிர் நின்று வாதாடினர். மாணவர் வாக்களித்தனர். பால்ட்வினுக்கு 544, பக்லிக்கு 164. பழமையின் கோட்டை என்று கருதப்பட்ட கேம்பிரிட்ஜில் இது நடந்தது, தோழர்களே! பட்டிமன்றம் நடத்துவோர் நம் ஊரில் ஒருமுறை இந்தப் பொருளை எடுத்துக் கொள்ளலாமே. கண்ணகியா மாதவியா என்று எத்தனை ஆண்டுகள்தான் கேட்பது?

இங்கேதான் பெரிய வேடிக்கை இருக்கிறது. அமெரிக்கப் பழமைவாதத்துக்கு இங்கிருந்து கைதட்டும் குடும்பங்களுள் பல, தம் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியவை. அந்தக் கதவு யார் திறந்தது? 1790 இல், பர்க்கின் புரட்சி எதிர்ப்பு நூல் வெளிவந்த அதே ஆண்டில், அமெரிக்கா குடியுரிமைச் சட்டம் இயற்றிற்று: சுதந்திர வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை. அந்தக் கதவை 1923 இல் ஓர் இந்தியர் தட்டினார். பகத் சிங் திண்ட் என்பவர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நான் உயர்ஜாதி ஆரியன். வெள்ளையர் கறுப்பரோடு மண உறவு கொள்ள அருவருப்பதைப் போலவே நாங்களும் எங்கள் நாட்டுத் தாழ்ந்தோரோடு கொள்ள அருவருக்கிறோம். ஆகவே எங்களையும் வெள்ளையராகக் கருதுக! நீதிமன்றம் ஆரியத்தையும் ஏற்கவில்லை, அருவருப்பையும் ஏற்கவில்லை. நீ வெள்ளையன் அல்லன் என்று திருப்பி அனுப்பிற்று. ஜாதிச் சீட்டு அட்லாண்டிக்கின் அக்கரையில் செல்லாமற் போன அந்த நாளை நம் பாடநூலில் சேர்த்தால் என்ன?

கதவு திறந்தது 1965 இல். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி, தடியடி பட்டு, சிறை சென்று, 1964 இல் குடியுரிமைகள் சட்டத்தைப் பெற்றனர். அந்த அலையின் வேகத்திலேதான், நாட்டை வைத்து ஆளைத் தள்ளும் பழைய குடியேற்ற முறை 1965 இல் ஒழிந்தது. நம் மருத்துவரும் பொறியாளரும் கணினி வல்லுநரும் அந்த வழியாக உள்ளே போயினர். மார்ட்டின் லூதர் கிங் திறந்த கதவு வழியே சென்று, கிங்கை எதிர்த்தோரின் விருந்தில் அமர்ந்து உண்பது என்ன முறை?

விருந்தளித்தோர் எப்படி நடத்தினர் என்பதும் தெரிந்த கதை. 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக டிரம்ப் அறிவித்தார். அவருடைய ஆதரவாளர்களுள் ஒரு சாராரே கிளம்பி, இந்தியர் படையெடுக்கின்றனர் என்று தூற்றினர். 2025 ஜனவரி 20 ஆம் நாள் பதவியேற்ற அன்றே, பிறப்பால் வரும் குடியுரிமையைச் சுருக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். செப்டம்பரில், எச்-1பி விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க ஓர் இலட்சம் டாலர் என்று இன்னோர் ஆணை. ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காட்டு வரி விதிக்கப்பட்டுத் திருப்பூர் பதறிற்று. அந்த மாதங்களில் அண்ணாச்சியின் ஏடுகளில் அமெரிக்கக் கட்டுரை கொஞ்சம் இளைத்துப் போயிற்று. முன்னோர் வைத்ததை மாற்றாதே என்பதுதானே கொள்கை? 1790 ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுடைய முன்னோர் வைத்ததுதான்!

பிரிட்டனுக்கு வருவோம். 2022 தீபாவளி நாளில் ரிஷி சுனக் கன்சர்வேடிவ் கட்சித் தலைவரானார், மறுநாள் பிரதமர். நம்மவர் இலண்டனைப் பிடித்துவிட்டார் என்று இங்கே இனிப்பு வழங்கினர். பழுப்பு நிறத்தவர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. 1968 ஏப்ரலில் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக ஈனாக் பவல் முழங்கினாரே, அவருடைய கட்சியும் இதுதான். அந்தப் பேச்சு ஒருவகையில் தோற்றது என்பதற்கு அது சான்று. ஆனால், இனிப்பு வழங்கியோர் ஒன்றை மறந்தனர். ஜாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் விதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2013 இல் அரசுக்குக் கடமை விதித்திருந்தது. 2018 இல் கன்சர்வேடிவ் அரசு, சட்டத்தில் சேர்ப்பதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அறிவித்தது. எந்தத் தீர்ப்பு? இந்தியாவிலிருந்து வீட்டு வேலைக்கென அழைத்துச் செல்லப்பட்டு, ஆண்டுக் கணக்கில் மிகச் சொற்பக் கூலிக்கு உழைத்த ஒரு பழங்குடிப் பெண் தொடுத்த வழக்கு. 2015 இல் அவருக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் பவுனுக்கு மேல் கொடுக்க ஆணை பிறந்தது. அவள் நின்று போராடிப் பெற்ற தீர்ப்பையே காட்டி, இனி சட்டம் தேவையில்லை என்றது அரசு! அதை வரவேற்றவர் அங்குள்ள இந்து அமைப்பினர் பலர்.

அமெரிக்காவிலும் இதே கதை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் ஜாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். அவர் டெமாக்ரடிக் கட்சிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோழைத்தனம் ஒரு கட்சியின் தனிச் சொத்தன்று. அந்த மசோதாவை எதிர்த்தோர் கூறிய காரணம், ஜாதி இங்கே இல்லை, இருப்பதாகச் சட்டம் சொல்வதே எங்களை இழிவுபடுத்துகிறது என்பது. இல்லாத ஒன்றைத் தடை செய்தால் யாருக்கு நட்டம்?

நம் மாநிலத்திலேயே இந்தச் சிந்தனைக்குப் பெரியதோர் ஆசான் இருந்தார். இராஜாஜி. 1959 இல் சுதந்திராக் கட்சி கண்டவர். சுவராஜ்யா இதழில் வாரந்தோறும் எழுதியவர். அவரைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. அரசு எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக் கொண்டு பர்மிட்டும் லைசென்சுமாக ஆளும் முறையை அவர் சாடியதில் உண்மை இருந்தது; 1962 இல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தக் கோரிக் கென்னடியை நேரில் சென்று பார்த்த துணிவு இருந்தது; இந்தித் திணிப்பை எதிர்த்தபோது நம் பக்கம் நின்றார். 1785 ஆம் ஆண்டுப் பர்க்கின் சாயல் அவரிடம் ஓரளவு உண்டு. ஆனால் 1953 இல் அவர் கொணர்ந்த கல்வித் திட்டம் எந்தப் பர்க்? பள்ளியில் அரை நாள். மீதி நேரம் அப்பன் தொழில்! முன்னோர் வைத்ததை மாற்றாதே என்பதன் தமிழ்ப் பதிப்பு அது. நாடு எதிர்த்தது, 1954 இல் அவர் பதவி விலகினார், காமராசர் அதைக் கைவிட்டார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால், என் வகுப்பு மாணவி பிற்பகலில் பூக்கட்டிக் கொண்டிருப்பாள். நானும் இந்தக் கட்டுரை எழுதியிருக்கமாட்டேன். என் தாத்தா ஓட்டிய தறி எங்கள் வீட்டில் இன்னும் கிடக்கிறது.

இன்றைய பழமைப் பற்றாளரிடம் இராஜாஜியின் உரைநடை இல்லை, அவரது துணிவும் இல்லை. மொழி மட்டும் அயல்நாட்டிலிருந்து வருகிறது. "வோக்" என்றொரு சொல்லை அங்கிருந்து கொணர்ந்து, இங்கே ஜாதியைக் கேள்வி கேட்பவன் நெற்றியில் ஒட்டுகின்றனர். கறுப்பினத்தார் தமக்குள் விழித்திரு என்று கூறிக் கொண்ட சொல் அது. வசைச் சொல்லாக்கி ஏற்றுமதி செய்தனர். அமெரிக்கப் பல்கலைக் கழக இடதுசாரிகளிடம் மடமையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சொல்லுக்குச் சொல் சண்டையிட்டு, கூலிக்காரனை மறந்துவிட்ட கூட்டம் அங்கே உண்டு. அதைப் பழமைவாதி குத்திக் காட்டும்போது, குத்து சரியான இடத்தில்தான் விழுகிறது. நம்மவரும் அதைப் படிக்க வேண்டும். 1932 இல் இங்கிலாந்து சென்ற பெரியார், மெக்ஸ்பரோவில் தொழிலாளர் கூட்டத்தில் தொழிற்கட்சியின் மேடையிலேயே தொழிற்கட்சியைக் கண்டித்துப் பேசினார். நண்பனின் குறையை நண்பன் முகத்துக்கு நேரே சொல்லும் அந்தப் பழக்கம் நமக்கு வேண்டும்.

சென்ற மாதம் அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன்: "பர்க் பேரைச் சொல்லாத நாளில்லை. ஆர்க்காட்டு நவாப் கடன் பேச்சைப் படிச்சிருக்கீங்களா?"

"அது என்ன தம்பி? எனக்குத் தெரிஞ்சு அவர் பிரான்சைப் பத்தி எழுதினதுதான்."

பேச்சை முழுவதும் அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தேன். பத்து நாள் ஆயிற்று. திருப்பிக் கொண்டு வந்து வைத்தார். நேர்மையான மனிதர், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சில் கோடு இருந்தது. ஐதர் படையெடுப்பின் ஓரத்தில் இரட்டைக் கோடு. ஏரிகளின் பகுதியில் கோடு இல்லை; ஆனால் ஓரத்தில் சிறிய எழுத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளம் ஒன்றின் பெயரை எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"இந்தக் குளத்திலே அந்தக் காலத்திலே எல்லாரையும் எறங்க விட மாட்டாங்க தம்பி. நான் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்திருக்கேன்," என்றார். பிறகு அன்றைய ஏட்டை எடுத்து விரித்துக் கொண்டார். அன்று அவர் எதையும் உரக்கப் படிக்கவில்லை.